பாவனையில் இல்லாத இலக்கம்

2006 ஜூலை மாதத்தின் கடைசிக் கிழமையில் எனது கையடக்கத் தொலைபேசியின் இணைப்பை ஒரு கம்பனியிலிருந்து இன்னொரு கம்பனிக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்திருந்தது. நிலுவை எதுவும் இருக்கவில்லை. கல்முனையிலிருந்த கிளைக்குப் போய், கடைசி மாதப் பட்டியலைக் கட்டி, வைப்புப் பணத்தைத் திருப்பிப் பெறுவதற்கான படிவத்தில் கையொப்பமிட்டு வெளியே வர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்று பின்னேரமே புதிய சிம் அட்டை எனது தொலைபேசிக்குள் இருந்தது. இலக்கமும் புதியது.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்குப் பிந்திய மூன்று மாதங்களில் நடந்தவை, "ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்ற வசனத்தை நிம்மதியாகச் சொல்ல முடியாதவனாக என்னை ஆக்கிவிட்டன. ஓர் ஒப்பந்தம் முடியும்போது உண்மையில் முடிவது எது, முடியாமல் எஞ்சுவது எது என்பதுதான் இக்கட்டுரை கேட்க முனைகின்ற கேள்வி. விடை முழுவதும் என்னிடம் இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

முதலில் கம்பனியை எடுத்துக்கொள்வோம். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் எங்கள் கரையோரத்தில் தொலைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்ததாக எனக்கு நினைவு. அதற்கு முன்னர் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வெளிநாட்டிலிருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், முறை வரும்வரை வாங்கில் குந்தியிருக்க வேண்டும். 2004 ஜூலையில் நான் கையடக்கத் தொலைபேசி வாங்கியபோது எங்கள் ஒழுங்கையில் அது முதலாவது. மாத வாடகை, பிற்கொடுப்பனவு, இரண்டு வருடங்களுக்கு முன் விலகினால் தண்டப்பணம் என்பவை நிபந்தனைகள். வாசித்துத்தான் கையொப்பமிட்டேன்.

இரண்டு வருடங்களும் ஒரு மாதமேனும் பிந்தாமல் கட்டினேன். சூரா அல்-மாஇதா, ஈமான் கொண்டோரை விளித்து உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சொல்லும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் வணக்கத்தைப் பற்றியதல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதிய சொல்லுக்கு இந்த அளவுக்கு மதிப்பளிக்கும் மார்க்கத்தில் பிறந்தவன், கம்பனியோடு செய்த ஒப்பந்தமென்றாலும் அதை இலேசாக எடுக்க முடியாது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுதிவைப்பது கடமையின் தொடக்கத்தைக் காட்டுவதற்காக மட்டுமல்ல, அதன் முடிவைக் காட்டுவதற்காகவும்தான். தவணை முடிந்து கணக்கும் தீர்ந்த பிறகு இரு தரப்பும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவையல்ல.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கொட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம், 1739இலும் 1740இலும் வெளிவந்த மனித இயல்பு பற்றிய தனது நூலில் ஓர் உதாரணம் சொல்கிறார். அது எங்கள் வயல்வெளிகளுக்கு அப்படியே பொருந்தும். அருகருகே இரண்டு விவசாயிகள். ஒருவருடைய பயிர் இன்றைக்கு விளைந்திருக்கிறது, மற்றவருடையது நாளைக்கு விளையும். இன்று இவர் அவருக்குக் கைகொடுத்து, நாளை அவர் இவருக்குக் கைகொடுத்தால் இரண்டு வேளாண்மை வெட்டும் ஒப்பேறும். ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியமுமில்லை, நம்பிக்கையுமில்லை. ஆகவே இருவரும் தனித்தனியே நின்று, இரண்டு பயிரையும் இழக்கிறார்கள். இப்படிப்பட்ட அந்நியர்களுக்கிடையில் கொடுக்கல் வாங்கல் நடப்பதற்கு மனிதர் கண்டுபிடித்த சாதனமே வாக்குறுதி என்கிறார் ஹியூம். பிரியம் உள்ளவர்களுக்கிடையிலான உதவி வேறு, அதற்கு இந்தச் சாதனம் தேவையில்லை என்றும் பிரித்துக்காட்டுகிறார்.

நானும் கம்பனியும் ஹியூமின் இரண்டு விவசாயிகள். அவர்களுக்கு என்மேல் பிரியமில்லை, எனக்கும் அவர்கள்மேல் இல்லை. கையொப்பம் இருந்தது, அது போதும். அது முடிந்த பின்னர் "விசுவாசமான வாடிக்கையாளர்" என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது வெறும் வார்த்தை. விசுவாசம் என்பது பெரிய சொல். அதை மாத வாடகையின்மேல் ஒட்டக்கூடாது.

கம்பனிகள் தமக்குள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். 1989இல் செல்டெல் என்ற பெயரில் இலங்கைக்கு வந்த முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவை 2007இல் டிகோ ஆனது, 2010இல் எடிசலாட் ஆனது, 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2009இல் இங்கு சேவையைத் தொடங்கிய எயார்டெல் 2024இல் டயலொக்கோடு இணைந்தது. வாடிக்கையாளர்களான எங்களைக் கேட்டுவிட்டு எவரும் கைமாறவில்லை, கேட்க வேண்டுமென்று நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை. அவர்கள் மாறியது வியாபாரமென்றால், தவணை முடிந்து நான் மாறியதும் வியாபாரம்தான். இதில் துரோகம் எங்கிருந்து வருகிறது?

இந்த அளவில் எனது மனச்சாட்சி சுத்தமாக இருந்தது. பிழை இந்தக் கணக்குக்கு வெளியே கிடந்தது.

எங்கள் ஒழுங்கையில் என்னிடம் படித்த ஒரு பெண் இருந்தாள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அவளுடைய புருஷனும் மூத்த மகனும் போய்விட்டார்கள். அவளும் அவளுடைய உம்மாவும் கைக்குழந்தையாயிருந்த மகளும் மிஞ்சினார்கள். இலங்கையில் அந்த ஒரு நாளில் ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். எங்கள் ஊர்களில் இந்தக் கதை எத்தனையோ வீடுகளின் கதை, விரித்துச் சொல்லத் தேவையில்லை. இங்கே முக்கியமானது அதன் பின்னர் நடந்த ஒன்று. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. கடலோரத்தில் இருந்தவர்கள் கூடாரத்துக்கும், கூடாரத்திலிருந்து தற்காலிகக் கொட்டிலுக்கும், கொட்டிலிலிருந்து உறவினர் வீட்டுத் திண்ணைக்கும் என்று மாறி மாறி அலைந்தார்கள். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், கிராம சேவகர் பிரிவு என்று ஒரு கடித உறையில் எழுதக்கூடிய எதுவும் அவர்களுக்கு நிலையாக இருக்கவில்லை. தபால்காரர் கடிதத்தோடு வந்து வெறும் அத்திவாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கண்டிருக்கிறேன்.

2005இன் நடுப்பகுதியில் அந்தப் பெண் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனாள். மகளுக்கு ஒரு வளவும் வீடும் இல்லாவிட்டால் நாளைக்கு மாப்பிள்ளை எடுக்க முடியாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கவலை பிள்ளை பிறந்த நாளிலேயே தொடங்கிவிடும். அவளுடைய ஒப்பந்தமும் இரண்டு வருடம்தான். புறப்படுவதற்கு முதல்நாள் வந்து கேட்டாள்: "சேர், உம்மாட்ட பேசுறதுக்கு உங்கட நம்பரக் குடுக்கட்டா?" கொடு புள்ள என்றேன். வேறு என்ன சொல்வது? ஒழுங்கையில் பாதிப் பேர் அந்த இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார்கள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அவளுடைய உம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் விறாந்தையில் இருப்பார். எல்லா வெள்ளியும் அழைப்பு வராது. எசமானி அனுமதித்தால் வரும். வந்தால் ஐந்து நிமிடம், சில வேளை பத்து நிமிடம். அந்தக் காலத்தில் பல இணைப்புகளில் உள்வரும் அழைப்புக்கும் பெறுபவரே நிமிடக் கணக்கில் காசு கட்ட வேண்டும். எனது இணைப்பும் அப்படிப்பட்டதுதான். 2006 நடுப்பகுதியில் இன்னொரு கம்பனி உள்வரும் அழைப்புகளை இலவசமாகத் தந்தது. மாதம் நானூறு ரூபாவாவது மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். அந்த நானூறு ரூபாவுக்குள் அவளுடைய வெள்ளிக்கிழமை அழைப்புகளும் இருந்தன. இதை நான் நெடுநாட்களாக எவரிடமும் சொல்லவில்லை.

இலக்கம் மாறப் போவதை அறிவிக்க ஒரு கொப்பித் தாளில் பெயர்களை எழுதினேன். அதிபர், வலயக் கல்வி அலுவலகம், வங்கி, மச்சான்மார், கொழும்பிலிருக்கும் இரண்டு எழுத்தாளர்கள், கவிதை கேட்டு அழைக்கும் ஒரு சஞ்சிகை ஆசிரியர். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லிச் சொல்லி வெட்டினேன். மிகவும் பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்ற திருப்தியும் இருந்தது.

அவள் அந்தத் தாளில் இல்லை. மறந்ததால் அல்ல. நான் பெயர்களை எடுத்தது எனது தொலைபேசியில் பதிந்திருந்த இலக்கங்களிலிருந்து. அவளுக்கென்று ஓர் இலக்கம் என்னிடம் இருந்ததில்லை. அவள் அழைத்தாள், நான் ஒருநாளும் அவளை அழைத்ததில்லை.

ஆகஸ்ட் 4ஆம் திகதி வெள்ளிக்கிழமை அவளுடைய உம்மா விறாந்தையில் வந்து குந்தினார். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் கோல் வரல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அழைப்பு வராது. வருவதற்கு வழி இல்லை.

அந்தக் கிழமையின் செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூதூரில் சண்டை வெடித்து, அங்கிருந்த முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். "கிழக்கில் முஸ்லிம்கள் வெளியேறுகிறார்கள்" என்பது குவைத்தில் ஒரு சமையலறை வரைக்கும் போய்ச் சேரும்போது அதில் மூதூர் எது, மருதமுனை எது என்ற வித்தியாசம் இருக்காது. அவள் அன்று அழைத்திருக்கிறாள். மூன்று மொழிகளில் ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அடுத்த வெள்ளியும் அதே குரல். அதற்கு அடுத்த வெள்ளியும்.

"பாவனையில் இல்லை" என்பது கம்பனியின் பார்வையில் மிகச் சரியான வசனம். ஏன் பாவனையில் இல்லை என்று அது சொல்லாது. இலக்கத்துக்குரியவர் நானூறு ரூபா மிச்சம் பிடித்தாரா, மௌத்தாகிவிட்டாரா, ஊரே கிளம்பிப் போய்விட்டதா என்பதெல்லாம் அந்தக் குரலுக்கு ஒன்றுதான். 2004 டிசம்பரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தோஹாவிலிருந்தும் ரியாத்திலிருந்தும் அழைத்து அழைத்துப் பதிலில்லாமல் இருந்தார்கள். பேசாத தொலைபேசிக்கு எங்கள் கரையில் அன்றிலிருந்து ஒரே ஓர் அர்த்தம்தான்.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இலக்கத்தைத் திருப்பித் தரும்படி கிளைக்குப் போய்க் கேட்டேன். துண்டித்ததை மீளக் கொடுக்க முடியாது என்றார்கள். அவளை அனுப்பிய கொழும்பு முகவர் நிலையத்துக்கு அழைத்தேன். சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. அவள் எழுதிய ஒரு கடிதம், உம்மா முன்பு இருந்த கொட்டிலின் முகவரிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது என்று பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் உம்மா விறாந்தைக்கு வருவதை நிறுத்தவில்லை. விசயத்தை அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். ஆனாலும் வந்தார்.

அந்த வருட நோன்பின் நடுப்பகுதியில் அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். உம்மாவும் மகளும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இனி ஒரு நாளும் வேலை செய்ய முடியாது என்று அழுது நின்றிருக்கிறாள். டிக்கட் காசு அவளுடையது, மூன்று மாதச் சம்பளம் கேட்கக்கூடாது என்ற நிபந்தனைகளின்பேரில் எசமான் விட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. வீட்டின் சுவர்கள் யன்னல் மட்டத்தோடு நின்றுபோயின.

இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு வருடங்கள். நான் எனது ஒப்பந்தத்தை முழுமையாக நிறைவேற்றிவிட்டு விலகினேன். அதனால் அவள் தனது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வந்தாள். ஆவணங்களின்படி, வாக்கைக் காப்பாற்றியவன் நான். முறித்தவள் அவள்.

எனது நண்பர் ஒருவர் மத்ரஸாவில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக அவர் சொன்னது இது: நீ அவளோடு ஒப்பந்தம் செய்யவில்லை. கூலி வாங்கவில்லை. நன்மை செய்தாய். நன்மை செய்தவனை எந்த வழியில் குற்றம் பிடிப்பது? உனது தொலைபேசியை அவளுக்கு இரவலாகக் கொடுத்திருந்தாய் என்று வைத்துக்கொள்வோம். ஷாபிஈ மத்ஹபின்படி இரவல் கொடுத்தவன் விரும்பிய நேரத்தில் திருப்பி எடுக்கலாம்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். "ஆனா அதுக்கும் விதிவிலக்கு இருக்கு." இமாம் நவவியின் மின்ஹாஜில் வருவது ஒன்று. மையித்தை அடக்குவதற்கு நிலத்தை இரவல் கொடுத்தவர், அந்த உடல் மண்ணோடு மண்ணாகும்வரை நிலத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. சட்ட அறிஞர்கள் சொல்லும் இன்னொன்று படகு. படகை இரவல் கொடுத்தவர், பொருளேற்றிய அந்தப் படகு நடுக்கடலில் இருக்கும்போது தா என்று கேட்க முடியாது. கரை சேரும்வரை பொறுக்க வேண்டும்.

கரையோரத்தில் பிறந்த எனக்கு இந்த இரண்டாவது உதாரணத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. படகுக்காரர் வாக்குக் கொடுக்கவில்லை, கூலி வாங்கவில்லை, படகும் அவருடையதுதான். இருந்தும் அவரது உரிமை கடலின் நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்? அவர் ஏதோ சொன்னதால் அல்ல. அவர் கொடுத்ததை நம்பி இன்னொருவர் கரையை விட்டுவிட்டார் என்பதால். சொல்லிலிருந்து பிறக்கும் கடமை ஒன்று, சாய்ந்திருத்தலிலிருந்து பிறக்கும் கடமை இன்னொன்று. முதலாவதற்குத் திகதி உண்டு, கையொப்பம் உண்டு, முடிவு உண்டு. இரண்டாவது எப்போது தொடங்கியதென்றுகூட நமக்குத் தெரியாது. "குடுக்கட்டா சேர்?" என்று ஒருத்தி கேட்டதற்கு வாசலில் நின்றபடி "கொடு புள்ள" என்று சொன்ன நேரத்தில் அது தொடங்கியிருக்கும்.

ஹியூமின் இரண்டு விவசாயிகளுக்கு அப்பால் மூன்றாவது ஒருவர் இருக்கிறார் என்று இதைச் சொல்லலாம். இருவரும் சேர்ந்து வெட்டிய வேளாண்மையின் பின்னால் நின்று கதிர் பொறுக்குபவர் அவர். உடன்பாட்டில் அவருக்குப் பங்கில்லை. உடன்பாடு முடிந்தது என்று அவருக்கு அறிவிக்கவும் ஆளில்லை. ஆனால் அவருடைய உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

எனது நாற்பது பெயர்த் தாளின் குறை அதுவே. நாம் யாரை அழைக்கிறோம் என்பது நமது தொலைபேசியில் இருக்கிறது. யார் நம்மை நம்பி அழைக்கிறார்கள் என்பது அதில் முழுமையாக இல்லை. வசதியும் அதிகாரமும் உள்ளவர்களுடைய பெயர்கள் நம்மிடம் பதிந்திருக்கும், ஏனென்றால் அவர்களிடம் நமக்கு அலுவல் இருக்கிறது. நம்மிடம் மட்டுமே அலுவல் உள்ளவர்களுக்கு நமது நினைவில் பெயரில்லை. எனது கவனயீனம் தற்செயலானதல்ல, அதற்கு ஒரு திசை இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாற்பது பேரில் எவருக்கும் அறிவிக்காமல் விட்டிருந்தாலும் பெரிய நட்டம் வந்திருக்காது. அவர்கள் வேறு வழியில் என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள். வேறு வழி இல்லாத ஒருத்திதான் விடுபட்டாள்.

இனிக் கம்பனியின் பங்குக்கு வருகிறேன். இலக்கம் யாருடையது? ஒப்பந்தத்தின்படி கம்பனி அதைப் பாவனைக்குத் தந்திருந்தது, அவ்வளவுதான். முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே எந்தக் கம்பனி என்று சொல்லிவிடலாம். 077 என்றால் டயலொக், 071 என்றால் மொபிடெல், 072 என்றால் அன்றைய செல்டெல், 078 என்றால் ஹட்ச். கம்பனியை விட்டால் இலக்கத்தையும் விட வேண்டும். ஆனால் அந்தப் பத்து இலக்கங்களுக்குப் பெறுமதியை உண்டாக்கியது யார்? கம்பனி தந்தபோது அது வெறும் எண். அதைக் குவைத்துக்கு எடுத்துச் சென்ற பெண்ணும், மனனமிட்ட பிள்ளைகளும், கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்த மீன் வியாபாரியும் சேர்ந்துதான் அதை ஒரு முகவரியாக்கினார்கள். பலர் கட்டணம் கூடிய இணைப்பை விடாமல் இருப்பது இந்த முகவரியை இழக்க அஞ்சித்தான். அதாவது, நம்மேல் பிறர் வைத்திருக்கும் நம்பிக்கையையே கம்பனி நமது காலில் கட்டும் கயிறாக்கிக் கொள்கிறது.

இந்தக் கயிற்றை அவிழ்க்க முடியாததல்ல. இலக்கத்தை வைத்துக்கொண்டே கம்பனியை மாற்றும் ஏற்பாட்டைச் சிங்கப்பூர் 1997இலேயே தொடங்கியது. இந்தியாவில் 2010 நவம்பர் 25ஆம் திகதி ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20ஆம் திகதி நாடு முழுவதற்கும் அது வந்தது. 2006இல் எங்களுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் நானூறு ரூபாவை மிச்சம் பிடித்திருப்பேன், அவளுடைய வெள்ளிக்கிழமையும் அப்படியே இருந்திருக்கும். இது தொழில்நுட்பப் பிரச்சினை மட்டுமல்ல. செல்டெல் நான்கு பெயர்களுக்கு மாறிய காலம் முழுவதும் 072 இலக்கங்கள் பாவனையாளரிடமே இருந்தன. முதலாளி மாறும்போது இலக்கம் தங்குமென்றால், வாடிக்கையாளர் மாறும்போது ஏன் தங்கக் கூடாது? நல்ல சட்டம் மனிதரின் மறதிக்கும் இடம்விட்டு எழுதப்பட வேண்டும்.

ஆனால் சட்டத்தைச் சுட்டிக்காட்டி நான் தப்பிவிட முடியாது. விலகும் உரிமை என்று பேசத் தொடங்கினால், அந்த உரிமை எனக்கு எவ்வளவு இலகுவாகக் கிடைத்தது, அவளுக்கு எவ்வளவு இருந்தது என்றும் கேட்க வேண்டும். நான் அரை மணித்தியாலத்தில் கம்பனியை மாற்றினேன். வளைகுடாவின் கபாலா முறையில் ஒரு பணிப்பெண் எசமானின் சம்மதமில்லாமல் வேறு வீட்டுக்கு மாற முடியாது. வீட்டைவிட்டு வெளியேறினால் "ஓடிப்போனவள்" என்று முறைப்பாடு செய்யப்படுவாள். 2020இல் கத்தார், எசமானின் அனுமதிக் கடிதமில்லாமல் வேலை மாறும் உரிமையை வீட்டுப் பணியாளர்களுக்கும் சேர்த்து வழங்கியது. 2021 மார்ச்சில் சவூதி அரேபியா நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. சிம் அட்டையை மாற்றுவதற்கு உள்ள சுதந்திரம்கூட எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலையை மாற்றுவதற்கு இல்லாதிருந்த காலத்தில்தான் நாங்கள் அவர்களுடைய காசில் வீடு கட்டினோம். விலகிப் போவது ஒருவருக்கு இலேசாகவும் இன்னொருவருக்குப் பாரமாகவும் இருக்கும் இடத்தில், இலேசாக விலகக்கூடியவர்மேல் கூடுதலான கவனம் கடமையாகிறது என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் ஒருவர் எந்தக் காலத்திலும் எதையும் மாற்றவே கூடாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். என்னை நம்பும் ஒவ்வொருவருக்காகவும் நான் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அது வாழ்க்கையாகாது. படகின் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. படகு என்றென்றைக்கும் இரவல் வாங்கியவருக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை, கரை சேரும்வரை என்றுதான் சொல்கிறது. நான் செய்திருக்க வேண்டியது மிகச் சிறியது. இன்னும் ஒரு மாத வாடகையைக் கட்டி, பழைய இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்து, நாலு வெள்ளிக்கிழமை பொறுத்திருந்தால், அதில் ஒரு வெள்ளியில் அவள் அழைத்திருப்பாள். புதிய இலக்கத்தைச் சொல்லியிருப்பேன். ஒரு பணிப்பெண்ணின் எட்டு மாத உழைப்புக்கும் ஒரு மாத வாடகைக்கும் இடையில் நான் எதைத் தெரிந்தேன் என்பது எனக்கே தெரியாமல் தெரிந்துகொண்டேன்.

மாறலாம். மாறும் முன்னர், யார் கடலில் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைபேசிக்கு மட்டுமல்ல, இது பாடசாலை மாறும் ஆசிரியருக்கும், ஊர் மாறும் வைத்தியருக்கும், கடையைப் பூட்டும் முதலாளிக்கும், சஞ்சிகையை நிறுத்திவிடும் ஆசிரியருக்கும் பொருந்தும்.

இனி மிச்சமிருப்பது ஒன்று. அவள் வந்த மறுநாள் நோன்பு திறந்த பிறகு நான் அவர்கள் இருந்த வீட்டுக்குப் போனேன். மாப்புக் கேட்கத்தான் போனேன். மனிதருக்கு மனிதர் செய்த பிழையை அந்த மனிதர் பொறுத்தால்தான் உண்டு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மகள் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஆளை அடையாளம் பிடிபடாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்னத்துக்கு சேர் மாப்புக் கேக்கிறீங்க? உங்கட போன். நீங்க மாத்தினீங்க. நாந்தான் இன்னொரு நம்பரும் எடுத்து வச்சிரிக்கணும். என்ட பிழைதான்."

உம்மாவும் அதையே சொன்னார். இவ்வளவு காலமும் எங்களுக்காகக் காசு கட்டினீங்களே, அது போதாதா சேர் என்றார்.

அவர்கள் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு அது பெரும் சங்கடமாகிவிட்டது. ஒருவர் தனக்கு அநியாயம் நடந்தது என்று அறிந்து, அதைப் பொறுத்தால் அது மன்னிப்பு. அநியாயம் நடந்ததாகவே அவர் நினைக்காவிட்டால், கேட்பவனுக்குக் கிடைப்பது என்ன? நம்மேல் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒருத்தி நம்பும்படி நாம் வாழ்ந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையை எனக்குக் கிடைத்த மன்னிப்பாகக் கணக்கில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மத்ரஸா நண்பரிடம் இதையும் கேட்டேன். அதற்கு அவர் எந்த நூலையும் காட்டவில்லை.

அடுத்த வருடம் அவள் மறுபடியும் போனாள். இம்முறை மூன்று இலக்கங்களை ஒரு சிறு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். முதலாவது எனது புதிய இலக்கம். அதை நான் இன்றுவரை மாற்றவில்லை.